பயண நிறுவனத்தின் முன்பதிவு மென்பொருளைப் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்து, விமானம், ஹோட்டல், சுற்றுலாத் தொகுப்பு என எதை விற்கும் நிறுவனமானாலும், முன்பதிவு மென்பொருளை மாற்றியே ஆக வேண்டிய கட்டம் ஒருநாள் வருகிறது. அப்போது முதலாளி, மேலாளர், கவுண்டரில் இருப்பவர் எல்லோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். டிக்கெட் விற்பதை எந்த மென்பொருளும் செய்துவிடும். விற்ற டிக்கெட்டை மாற்றவோ ரத்து செய்யவோ வேண்டி வரும்போதுதான் நிறுவனத்தின் சேவை எப்படிப்பட்டது என்று பயணிக்குத் தெரிகிறது. என் பதில்கள் எல்லாமே அந்த இடத்திலிருந்து பார்த்து எழுதியவை.

பழைய மென்பொருள் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும்?

ஒரு மதிய நேரம் முழுக்க உங்கள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பயண தேதியை மாற்றச் சொல்லி ஒருவர் போன் செய்கிறார். ஊழியர் முன்பதிவை ஒரு திரையில் திறக்கிறார், பணம் வந்ததா என்று இன்னொரு திரையில் பார்க்கிறார், மாற்றுக் கட்டணத்தைக் கால்குலேட்டரில் போடுகிறார், கடைசியில் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்கிறார். பயணி லைனில் காத்திருக்கிறார். "மீதிப் பணம் எப்போது வரும்?" என்று கேட்டால், "கேட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் பதில்.

அந்த "கேட்டுச் சொல்கிறேன்" ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அப்புறம், ஊழியர்கள் தனியாக வைத்திருக்கும் எக்செல் தாள்களையும் நோட்டுப் புத்தகங்களையும் எண்ணுங்கள். அவை ஒவ்வொன்றும் மென்பொருள் செய்ய வேண்டிய, ஆனால் செய்யாத ஒரு வேலை. ஓடுகிறது என்று நீங்கள் நினைக்கும் மென்பொருளை உண்மையில் ஓட்டிக்கொண்டிருப்பது அந்த நோட்டுகள்தான். அவற்றை எழுதுபவர் விடுப்பில் போகும் நாளில் இது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? இணையதளத்தை முதலில் அழகாக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன, ஏனென்றால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். உள்ளே பழைய முறை அப்படியே இருந்தால், விற்பனை கூடக் கூட மாற்றக் கோரிக்கைகளும் கூடும், கவுண்டர் இன்னும் திணறும்.

முதலில் ஒரே திரை. பயணியின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ அடித்தால், அவருடைய முன்பதிவுகள், கட்டிய பணம், நிலுவை, அனுப்பிய செய்திகள், இதற்கு முன் யார் அவரிடம் என்ன சொன்னார்கள் என்பது வரை எல்லாம் அங்கேயே தெரிய வேண்டும். பழைய மென்பொருளை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து தகவலைப் படித்துக் காட்டும் திரையாக மட்டும் இதைச் செய்ய முடியும். எதையும் மாற்றி எழுதாத திரை என்பதால் ஆபத்தும் குறைவு. ஒரே பயணி மூன்றாவது முறை போன் செய்து அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை இதிலேயே போய்விடும்.

அடுத்தது தேதி மாற்றம், ரத்து, ரீஃபண்ட். இணையதளத்தின் அலங்காரம் அதற்கும் பிறகு.

இந்தத் துறையில் மட்டும் ஏன் இவ்வளவு பழைய முறைகள் இன்னும் ஓடுகின்றன?

கணினிக்கு மிக முன்பே வந்த துறைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் முன்பதிவைக் கணினியில் செய்வது பற்றி 1953-லேயே பேசத் தொடங்கிவிட்டன. அதிலிருந்து பிறந்த சேபர் என்ற முன்பதிவு முறை 1960-ல் முதலில் நிறுவப்பட்டது, 1964-க்குள் அந்த நிறுவனத்தின் முன்பதிவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1987-ல் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் நான்கு சேர்ந்து அமேடியஸ் என்ற இன்னொரு முன்பதிவு முறையைத் தொடங்கின. விமான டிக்கெட்டில் இன்று நாம் பிஎன்ஆர் என்று சொல்லும் ஆறு எழுத்துக் குறியீடும், கறுப்புத் திரையில் அடிக்கும் சுருக்கக் கட்டளைகளும் அந்த மரபிலிருந்து வந்தவை.

அந்தப் பழைய திரைகளை ஏளனமாகப் பார்க்காதீர்கள். பத்து வருட அனுபவம் உள்ள ஊழியர், ஒரு வரிக் கட்டளையில் இருக்கை நிலவரத்தை எடுத்துவிடுவார். அதே வேலைக்குப் புதிய திரையில் ஐந்து இடத்தில் கிளிக் செய்யச் சொன்னால் அவருடைய வேகம் குறையும், வரிசை நீளும். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் முக்கியமான வேலைகள் அத்தனையும் செய்ய முடியுமா என்று மென்பொருள் நிறுவனத்திடம் கேளுங்கள். டெமோவில் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆயத்த மென்பொருள் வாங்குவதா, சொந்தமாக எழுதுவதா?

இருக்கை இருப்பு, கட்டணம் வாங்குதல், ரசீது போன்றவை எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை வாங்குங்கள். உங்கள் நிறுவனத்துக்கே உரிய விதிகளை மட்டும் சொந்தமாக எழுதுங்கள்: குழுப் பயணத்தில் ஒருவர் விலகினால் என்ன செய்வது, வழியில் ஏறுபவருக்கு எப்படிக் கணக்கிடுவது போன்றவை.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் தகவல் முழுவதையும், வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், நீங்கள் கேட்கும்போது கூடுதல் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். இதற்குச் சம்மதிக்காத நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஒரே இரவில் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கிவிடலாமா?

இதற்கு விமானத் துறையிலேயே பாடம் இருக்கிறது. ஒன்றாக இணைந்த அமெரிக்கா வெஸ்ட், யூஎஸ் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனங்கள் 2007 மார்ச்சில் தங்கள் முன்பதிவு முறைகளை ஒன்றாக்கின. விமான நிலையங்களில் பயணிகள் தாமே செக்-இன் செய்யும் இயந்திரங்கள் சரியாக வேலை செய்யவில்லை, நீண்ட வரிசைகள் நின்றன. 2012 மார்ச் 3 அன்று யுனைட்டெட், கான்டினென்டல் என்ற விமான நிறுவனங்கள் இரண்டின் பயணி முறைகளும் ஒரே நாளில் ஒன்றாக்கப்பட்டபோதும் தாமதங்கள், தொலைபேசியில் நெடுநேரக் காத்திருப்பு என்று அவதிதான்.

2015-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் யூஎஸ் ஏர்வேஸைத் தன் முறைக்குள் கொண்டுவந்தபோது வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபர் 17 முதலான பயணங்களை ஏறக்குறைய 90 நாட்களுக்கு முன்பிருந்தே புதிய முறையில் விற்கத் தொடங்கியது. அந்தத் தேதி நெருங்க நெருங்கப் பழைய முறையில் இருந்த முன்பதிவுகள் தானாகவே வடிந்துகொண்டே வந்தன. மாற்றும் நாளில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அந்த நாள் பெரிய சங்கடம் இல்லாமல் கடந்தது.

சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கும் இதே முறையைச் சொல்வேன். முன்பதிவு செய்யும் தேதியை எல்லையாக வைக்காதீர்கள், பயணம் புறப்படும் தேதியை வையுங்கள். "இந்தத் தேதிக்குப் பிறகு புறப்படும் எல்லாமே புதியதில், அதற்கு முந்தையது பழையதில்" என்று சொன்னால் கவுண்டரில் யாருக்கும் குழப்பம் வராது. முதலில் ஒரே ஒரு தடத்தை, அல்லது ஒரே ஒரு சுற்றுலாவை மட்டும் மாற்றுங்கள். அது நன்றாக ஓடினால் அடுத்ததைச் சேருங்கள். போகிற வழியில் ஒருவர் பழைய தேதியிலிருந்து புதிய தேதிக்குப் பயணத்தை மாற்றுவார். பழைய முறையில் வாங்கிய பணம் புதிய முறைக்கு எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள், ஏனென்றால் இது முதல் நாளே வரும்.

விடுமுறைக் காலத்துக்குச் சற்று முன்பு மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். கடைசிப் பயணம் முடிந்த பிறகும் பழைய முறையை உடனே அணைத்துவிடாமல், படிக்க மட்டும் முடிகிற நிலையில் சில காலம் வைத்திருங்கள். ரீஃபண்ட் வழக்குகளும் வங்கித் தகராறுகளும் தாமதமாகத்தான் வரும்.

பழைய டேட்டாவை எப்படிக் கொண்டுவருவது?

திட்டத்தில் ஒரு வரியில் எழுதப்பட்டு, நடைமுறையில் அதிக நேரம் தின்கிற வேலை இது.

எல்லாவற்றையும் கொண்டுவர முயலாதீர்கள். இன்னும் பயணம் முடியாத முன்பதிவுகள், நிலுவைப் பணம், பயன்படுத்தாத வவுச்சர்கள் ஆகியவை துல்லியமாக வர வேண்டும். முடிந்துபோன பயணங்கள் காப்பகத்தில் இருந்தால் போதும்.

பெயர்களில்தான் அதிகச் சிக்கல். பழைய முறைகள் பலவும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டைக் கட்டாயமாகக் கேட்டன. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஊழியர்கள் அதே பெயரை இரண்டு முறை அடித்தார்கள், அல்லது ஒரு புள்ளி வைத்தார்கள். சில முறைகளில் திரு, திருமதி போன்ற அடைமொழி பெயரோடு ஒட்டிக்கொண்டது. இதை அப்படியே புதிய முறைக்குக் கொண்டுவந்தால், "அன்புள்ள புள்ளி" என்று பயணிக்குச் செய்தி போகும். இரண்டு பெயர்க் களங்கள் வையுங்கள்: பயண ஆவணத்தில் இருக்கிறபடி ஒன்று, அவரை நாம் அழைக்க வேண்டியபடி ஒன்று. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகளில் பெயர் லத்தீன் எழுத்தில் மட்டுமே வரும். நீளமான பெயர் அங்கே வெட்டுப்படவும் செய்யும். அதையே மனிதரின் முழுப் பெயராக நினைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு, ஆவணச் சரிபார்ப்பிலும் தொல்லை தரும்.

அடுத்தது குறிப்புப் பெட்டி. பழைய மென்பொருளில் வசதி இல்லாததால் ஊழியர்கள் எல்லாவற்றையும் அதில்தான் எழுதியிருப்பார்கள்: "சக்கர நாற்காலி வேண்டும்", "வேர்க்கடலை ஒவ்வாது", "அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை", "இந்த எண்ணில் எடுக்கவில்லை என்றால் மகளுக்குப் போன் செய்யவும்". வாடிக்கையாளரைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிந்த மிக மதிப்புள்ள விஷயங்கள் இவைதான். தானியங்கி மாற்றத்தில் முதலில் தொலைவதும் இவைதான். வரப்போகும் பயணங்களின் குறிப்புகளையாவது மனிதர்கள் உட்கார்ந்து படித்து உரிய களங்களில் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் சக்கர நாற்காலி கேட்டவர் வாசலில் நின்றுகொண்டிருப்பதைத் தடுக்க வேறு வழி இல்லை.

உண்மையான மாற்றத்துக்கு முன் ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் பயணவாரியாக இருக்கை எண்ணிக்கை, மொத்தப் பணம், நிலுவை ஆகிய மூன்றும் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். ஒரு இருக்கை குறைந்தாலும் காரணம் தெரியும்வரை மேலே போகக் கூடாது.

ஒரே இருக்கை இரண்டு பேருக்கு விற்றுப்போகிறதே?

"இருக்கை காலியா?" என்று பார்ப்பதும் "எடுத்துக்கொள்" என்று பதிவதும் இரண்டு தனி வேலைகளாக இருந்தால், நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். ஒரு பயணத்தில் ஒரு இருக்கைக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்க முடியும் என்ற தடையைத் தரவுத்தளமே விதிக்க வேண்டும். திரையில் சரிபார்ப்பதை நம்பக் கூடாது.

பணம் கட்டும்வரை இருக்கையைச் சில நிமிடங்கள் பிடித்து வைப்பது வழக்கம். பிடித்து வைத்த நேரம் முடிந்த பிறகு வங்கியிலிருந்து பணம் வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இருக்கை இன்னும் காலியாக இருந்தால் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் யாரும் கேட்காமலே பணத்தைத் திருப்பிவிட்டு உடனே செய்தி அனுப்ப வேண்டும். அதேபோல், இணைப்பு மெதுவாக இருந்து பயணி பட்டனை இரண்டு முறை அழுத்தினாலும் பணம் ஒரு முறைதான் போக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் முதல் முடிவையே திருப்பித் தருவதுதான் இதற்கான முறை.

நள்ளிரவுப் பயணங்களில் பயணிகள் ஒருநாள் தாமதமாக வந்து நிற்கிறார்கள். இதற்கு மென்பொருள் என்ன செய்யும்?

நிறையவே செய்யலாம். "சனிக்கிழமை 12:30" என்று படித்தவர் வெள்ளி இரவு வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார், சனி இரவு வந்து நிற்பார். தவறு அவருடையது இல்லை. டிக்கெட்டிலும் செய்தியிலும் "வெள்ளி இரவு கழிந்து, சனி அதிகாலை 12:30" என்று எழுதச் செய்யுங்கள். வெள்ளி மாலையே நினைவூட்டல் போகட்டும்.

எல்லை தாண்டும் பயணங்களில் நேரத்தைச் சேமிக்கும் முறையும் முக்கியம். நடந்து முடிந்தவற்றுக்கு உலகப் பொது நேரம் போதும். வரப்போகும் புறப்பாட்டுக்கு உள்ளூர் நேரத்தையும் அந்த இடத்தின் நேர மண்டலப் பெயரையும் சேர்த்து வையுங்கள். அரசுகள் கோடைகால நேர விதிகளை இடையில் மாற்றுவதுண்டு. அப்போதும் புறப்பாடு காலை 8 மணி என்றால் 8 மணியாகவே இருக்க வேண்டும்.

ரத்தும் ரீஃபண்டும்தான் எங்களுக்குத் தலைவலி. என்ன வசதிகள் கேட்க வேண்டும்?

மூன்றைக் கேளுங்கள். ஒன்று, டிக்கெட் விற்ற நேரத்தில் இருந்த ரத்து விதியின் நகல் அந்த முன்பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும். விதியை அடுத்த மாதம் மாற்றினால், முன்பே வாங்கியவருக்குப் புதிய விதி பொருந்தக் கூடாது. இரண்டு, ரீஃபண்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பயணியே பார்க்க முடிய வேண்டும்: ஏற்கப்பட்டது, வங்கிக்கு அனுப்பப்பட்டது, வங்கி உறுதி செய்தது. "என் பணம் எங்கே?" என்ற அழைப்புகளை இது பெருமளவு குறைக்கும்.

மூன்றாவதை மிக முக்கியமாக நினைக்கிறேன்: மொத்தமாகக் கையாளும் வசதி. ஒரு பயணமே ரத்தானால், அதிலிருந்த அத்தனை பேருக்கும் மாற்றுப் பயணம் அல்லது முழுப் பணம் என்ற இரண்டு தெரிவுகளோடு ஒரே நேரத்தில் செய்தி போக வேண்டும், அவர்கள் தேர்ந்தெடுத்தது தானாக நடக்க வேண்டும். 2020-ல் பெருந்தொற்று வந்தபோது ரத்துகள் ஒட்டுமொத்தமாகக் குவிந்தன. ரீஃபண்டை ஒவ்வொன்றாகக் கையால் செய்யும்படி வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் திணறினார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. புயலில் தொடங்கிய அந்தத் தடங்கல் நாட்கணக்கில் நீண்டதற்கு, பணியாளர்களை மறுபடி ஒதுக்கும் மென்பொருள் ஈடுகொடுக்க முடியாமல் போனது ஒரு முக்கியக் காரணம். அமைதியான நாளில் வேகமாக ஓடுவதைப் பார்த்து எந்த மென்பொருளையும் மதிப்பிடாதீர்கள்.

பணத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பது சட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி ரத்தான விமானத்துக்கு 7 நாள். வேறு இடங்களில், வேறு வகைப் பயணங்களில் வேறு கெடு. அந்த எண்ணை நிரலுக்குள் புதைக்காமல், நீங்களே மாற்றக்கூடிய அமைப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

சாட்பாட் (கேள்விக்குத் தானாகப் பதில் எழுதும் மென்பொருள்) வைத்தால் வாடிக்கையாளர் சேவை சரியாகிவிடாதா?

"பேருந்து எங்கே வருகிறது?", "எவ்வளவு சாமான் கொண்டுவரலாம்?" போன்றவற்றுக்கு நல்லதுதான். ஆனால் அது சொல்வதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்ற நிறுவனத்தின் வாதம் அங்கே எடுபடவில்லை.

பணம், விதி சம்பந்தப்பட்ட பதில்களை அது அந்த முன்பதிவின் உண்மையான பதிவிலிருந்தே எடுக்க வேண்டும். "ஒருவரிடம் பேச வேண்டும்" என்று பயணி சொன்னதும் மனிதரிடம் மாற்ற வேண்டும், அதுவரை நடந்த உரையாடல் அந்த ஊழியரின் திரையில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கார்டு எண்ணை உங்கள் சர்வரில் வைக்காதீர்கள். அதற்குப் பதிலாகப் பணப் பரிமாற்ற நிறுவனம் தரும் அடையாளக் குறி போதும். தொலைபேசியில் கார்டு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், பணம் கட்டும் இணைப்பை அனுப்புங்கள்.

பழைய முறையே ஓட்டையாக இருக்கலாம் என்பதற்கு மேரியட் ஹோட்டல் நிறுவனம் ஒரு எடுத்துக்காட்டு. அது 2016-ல் ஸ்டார்வுட் ஹோட்டல்களை வாங்கியது. ஸ்டார்வுட்டின் முன்பதிவுத் தரவுத்தளத்துக்குள் 2014-லிருந்தே யாரோ ஊடுருவியிருந்தது 2018-ல்தான் தெரிந்தது. தேவையில்லாத பழைய பயணிகளின் கடவுச்சீட்டு விவரங்களை அழிப்பதும் புதுப்பித்தலில் ஒரு பகுதி. ஒரே லாகினைக் கவுண்டரில் எல்லோரும் பகிர்ந்துகொள்வதையும் நிறுத்தியாக வேண்டும்.

மற்ற ஏஜென்ட்கள் வழியாகவும் விற்கிறோம். அவர்கள் என்ன ஆவார்கள்?

அவர்களுடைய மென்பொருள் உங்கள் மென்பொருளோடு நேரடியாகப் பேசும் இணைப்பை (ஏபிஐ) கொடுங்கள், அது முடியாத சிறு ஏஜென்ட்களுக்கு எளிய இணையத் திரை கொடுங்கள். இருக்கை இருப்பு எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து போக வேண்டும். "உங்களுக்கு இத்தனை சீட்" என்று பங்கு பிரித்துக் கொடுத்தால் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கும், மறுபக்கம் இல்லை என்று திருப்பி அனுப்புவோம். ஏஜென்ட் விற்ற டிக்கெட்டிலும் பயணியின் சொந்த எண் கட்டாயம் வேண்டும். பயணம் ரத்தானால் தகவல் அவருக்கு நேரடியாகப் போக வேண்டாமா?

ஊழியர்கள் புதிய முறையை விரும்பவில்லை. எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டிய விஷயமாக இதைப் பார்க்காதீர்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் உண்மையான குறைகளாகவே இருக்கும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கவுண்டர் ஊழியர்கள் இரண்டு மூன்று பேரை முடிவெடுக்கும் குழுவில் சேருங்கள். போன வாரம் வந்த சிக்கலான கோரிக்கைகளை அவர்களே டெமோவில் செய்து பார்க்கட்டும்: நான்கு பேர் குடும்பத்தில் ஒருவர் மட்டும் தேதி மாற்றுவது, பாதி வவுச்சரிலும் பாதி கார்டிலும் கட்டியதைத் திருப்புவது. மென்பொருள் நிறுவனத்தின் விற்பனையாளர் இவற்றைத் தாமாகக் காட்ட மாட்டார்.

பயிற்சியை வேலை நேரத்திலேயே கொடுங்கள். பழகும் வாரங்களில் கூடுதல் ஆள் போடுங்கள்.

முன்னேறியிருக்கிறோமா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

விற்பனை எண்ணிக்கை பலவற்றைப் பொறுத்தது, அதை நம்பாதீர்கள். தேதி மாற்றம் ஒன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, முதல் அழைப்பிலேயே முடிந்த வேலைகள் எத்தனை, ரீஃபண்ட் கேட்ட நாளிலிருந்து பணம் கைக்குப் போகும்வரை எத்தனை நாள் என்று பாருங்கள். பழைய முறையில் இவை எப்படி இருந்தன என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே அளந்து வைத்துவிடுங்கள். அப்புறம் அளக்க முடியாது. எக்செல் தாள்கள் குறைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எல்லாம் கிளவுடில் இருக்கிறது. சர்வர் நின்றுபோனால் பயணம் நின்றுவிடுமா?

நிற்கக் கூடாது. ஒவ்வொரு பயணத்தின் பயணிகள் பட்டியலும், இருக்கை எண், ஏறுமிடம், தொலைபேசி, சிறப்புத் தேவைகளோடு, புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே ஊழியரின் கைபேசியில் தானாக இறங்கியிருக்க வேண்டும், இணைப்பு இல்லாமலும் திறக்க வேண்டும். பயணி கையில் உள்ள டிக்கெட்டைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஏற்றிவிடலாம். அந்த நேரத்தில் நேரில் வருபவர்களுக்குக் காலியாகத் தெரியும் இருக்கைகளை மட்டும் கையெழுத்து ரசீதில் கொடுக்கலாம். சர்வர் திரும்பியதும், இணைய விற்பனையைத் திறக்கும் முன் அந்த ரசீதுகளை முதலில் பதிவு செய்யுங்கள். வரிசை மாறினால், விற்ற இருக்கையே மறுபடி விற்பனைக்குப் போய்விடும்.